புது மொடல் வந்த பிறகு பாவித்த லப்டொப் வாங்கலாமா? திருகோணமலை வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்

கோணேசபுரி, வளாக மாணவி: அண்ணா, புது மொடல் வந்தால் பழையது மலியுமாம். பொறுக்கவா?

ஆப்பிளின் மக்புக் என்றால் பொறுங்க தங்கச்சி. 2025 மார்ச்சில் எம்4 சிப் போட்ட மக்புக் எயார் வந்தபோது அதன் தொடக்க விலையை ஆப்பிள் 1,099 டொலரிலிருந்து 999 ஆக்கியது. புதுசே மலிந்தால் அதற்கு முந்திய எம்2, எம்3 மொடல்களை விற்பவர் பழைய விலை கேட்க முடியாது. மக்புக் எயாரில் றாமை (வேலை செய்யும்போது பாவிக்கும் நினைவகம்) பிறகு கூட்ட ஏலாது, 16 ஜிபி கிடைத்தால் அதையே எடுங்க.

திங்க்பாட், லட்டிடியூட், எலைட்புக் போன்ற ஒபிஸ் லப்டொப்களுக்குக் காத்திருக்கத் தேவையில்லை. அவை பெரும்பாலும் வெளிநாட்டுக் கொம்பனிகள் சில வருடம் பாவித்துக் கழித்தவை, மொத்தமாக வந்துகொண்டே இருக்கும். உறுதியான உடம்பு, திருத்தவும் இலகு. என் தெரிவு எப்போதும் இவைதான்.

மூதூர்: ஆறாம் தலைமுறை இன்டெல் ஐ5 ப்ரொசெசர் லப்டொப் மலிவாகத் தருகிறார்கள். எடுக்கவா தம்பி?

வேண்டாம் அக்கா. விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14இல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11க்கு இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறையாவது வேணும். கடையில் எப்படியோ 11ஐப் போட்டுக் காட்டலாம், ஆனால் தொடர்ந்து அப்டேட் வருமென்று நம்பி இருக்க ஏலாது. பிள்ளையின் படிப்புக்கு என்றால் கொஞ்சம் கூடக் கொடுத்து எட்டாம் தலைமுறைக்குப் போங்க.

கிண்ணியா: காசு கொடுக்க முன்னம் என்னென்ன பார்க்கணும்?

முதலில் பற்றரி. விண்டோஸில் ‘பற்றரி ரிப்போர்ட்’ எடுத்துக் காட்டச் சொல்லுங்க. டிசைன் கப்பாசிட்டி (புதுசாக இருந்தபோது பிடித்த அளவு) 50,000 இருந்து, ஃபுல் சார்ஜ் (இப்போது பிடிக்கும் அளவு) 25,000 என்று நின்றால் பாதி போய்விட்டது. புதுப் பற்றரியின் விலையைக் கழித்துப் பேசுங்க.

அடுத்தது பூட்டு, இதைத்தான் ஆட்கள் மறக்கிறார்கள். பயோஸ் பாஸ்வேர்ட், அதாவது விண்டோஸ் வர முன்னமே கேட்கும் பாஸ்வேர்ட், கேட்கிறதா பாருங்க. ரீசெட் செய்து இன்டர்நெட்டில் இணைக்கச் சொல்லுங்க. ஏதோ ஒரு கொம்பனியின் பெயரோடு லொகின் கேட்டால் அது இன்னும் அந்தக் கொம்பனியின் பிடியில் இருக்கிறது. எவ்வளவு மலிவென்றாலும் விட்டுவிடுங்க. மக்கில் பழைய சொந்தக்காரரின் ஆப்பிள் கணக்கு நீங்கியிருக்கணும்.

நம்ம ஊரில் பாவித்தது என்றால் உப்புக்காற்றையும் யோசிங்க. யுஎஸ்பி வாய்களையும் அடிப்பக்க ஆணிகளையும் டோர்ச் அடித்துப் பாருங்க. அங்கே துரு இருந்தால் உள்ளே போர்டிலும் இருக்கலாம்.

உப்புவெளி: ஜப்பானிலிருந்து வந்ததாம், நம்ம கரன்டுக்குச் சரிவருமா?

சார்ஜரில் 100–240 வோல்ட் என்று இருந்தால் சரி, வயரை மட்டும் மாற்றுங்க. கீபோட்டில் ஜப்பானிய எழுத்து இருக்கும், தட்டிப் பார்த்து எடுங்க.

நிலாவெளி: கொழும்பில் இன்னும் குறைவு என்கிறார்களே?

குறைவாக இருக்கலாம். பழுதானால் திரும்பக் கொண்டுபோக பஸ் செலவும் ஒரு நாளும் போகும். வித்தியாசம் சின்னதென்றால் டவுனிலேயே, வொரன்டியை பில்லில் எழுதித் தரும் கடையில் எடுங்க.