இராமநாதபுரம் பக்கம் அசல் ராஜபாளையம் குட்டி வாங்க யாரை நம்பலாம்?

கேட்டவர் உச்சிப்புளி அருகே தென்னந்தோப்பு வைத்திருக்கிறார். காவலுக்கு ஒரு ராஜபாளையம் குட்டி வேண்டும். முகநூலில் படம் பார்த்துப் பேசினாராம். முன்பணம் போட்டால் குட்டியைப் பஸ்ஸில் ஏற்றிவிடுகிறேன், சர்டிபிகேட்டும் உண்டு என்கிறார்கள், அனுப்பலாமா என்பது கேள்வி.

அனுப்ப வேண்டாம். அந்த ஆள் நல்லவராகவே இருந்தாலும் வேண்டாம். நாய்க்குட்டியைப் பொறுத்தவரை பிறந்த இடத்துக்குப் போய், தாயோடு சேர்த்துப் பார்த்து வாங்குவதற்கு ஈடாக வேறு வழி கிடையாது. எட்டு வாரக் குட்டியின் முகத்தை வைத்து அது அசலா கலப்பா என்று அனுபவசாலியாலும் உறுதியாகச் சொல்ல முடியாது. லேப்ரடாருக்கும் நாட்டு நாய்க்கும் பிறந்த வெள்ளைக் குட்டியும், ராஜபாளையம் குட்டியும் அந்த வயதில் படத்தில் ஒன்றுபோலவே தெரியும். வித்தியாசம் தாய் தகப்பனிடம்தான் தெரியும். நன்கு வளர்ந்த ராஜபாளையம் தோள் வரை ஏறக்குறைய 65 முதல் 75 செ.மீ. உயரம் இருக்கும். ஒட்டிய குட்டை முடி, பால் வெள்ளை, இளஞ்சிவப்பு மூக்கு, அதே நிறத்தில் கண் இமை ஓரம், பொன்னிறக் கண். தாயைக் காட்டச் சொன்னால் "அது ஊரில் இருக்கு", "பார்ட்டி எடுத்துட்டுப் போயிட்டாங்க" என்று பதில் வந்தால் நீங்கள் பேசிக்கொண்டிருப்பது புரோக்கரிடம். அதோடு பேச்சை முடித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் ஊரிலிருந்து ராஜபாளையம் அப்படியொன்றும் எட்டாத தூரமில்லை. பரமக்குடி, அருப்புக்கோட்டை வழியாக விடியற்காலையில் கிளம்பினால் பார்த்துவிட்டு இரவுக்குள் திரும்பிவிடலாம். முதல் பயணத்தில் குட்டி வாங்கும் எண்ணமே வேண்டாம். இரண்டு மூன்று வளர்ப்பாளர்களைப் பார்த்து, பெட்டையையும் ஆண் நாயையும் பார்த்து, அடுத்த ஈத்து எப்போது என்று கேட்டுவிட்டு வாருங்கள். நாய்க்குச் சினைக்காலம் சுமார் 63 நாள். குட்டி எட்டு வாரம் தாயிடம் இருக்க வேண்டும். ஆக, இணை சேர்த்த நாளிலிருந்து குட்டி உங்கள் கைக்கு வர நான்கு மாதம் ஆகும். நல்ல வளர்ப்பாளரிடம் காத்திருக்கத்தான் வேண்டும். எந்த மாதம் கேட்டாலும், எந்த இனம் கேட்டாலும் "ரெடியா இருக்கு" என்பவர் எங்கிருந்தோ வாங்கி விற்கிறார். பல ஈத்துக் குட்டிகள் ஒரே கூண்டில் அடைபடும் இடத்தில்தான் பார்வோ என்னும் குட்டிகளைக் கொல்லும் கழிச்சல் நோய் பரவுகிறது.

  

வளர்ப்பாளர் வீட்டில் என்ன பார்ப்பது? முதலில் தாயின் நடத்தை. அந்நியரைக் கண்டு குரைப்பது இந்த இனத்துக்கு இயல்புதான். உடையவர் ஒரு சொல் சொன்னதும் அடங்குகிறதா என்று கவனியுங்கள். மூலையில் ஒடுங்கி நடுங்கும் தாய், உடையவரையே கடிக்கப் பாயும் தாய் இரண்டும் வேண்டாம். பயந்த தாயின் குட்டிகள் பயத்தையும் சேர்த்தே கற்றுக்கொள்கின்றன. அடுத்து அதன் வயதையும் எத்தனையாவது ஈத்து என்பதையும் கேளுங்கள். 2017ஆம் ஆண்டின் மத்திய அரசு நாய் வளர்ப்பு விதிகளின்படி 18 மாதம் நிறையாத பெட்டையை இணை சேர்க்கக் கூடாது. ஆண்டுக்கு ஒரு ஈத்து, ஆயுளில் ஐந்து ஈத்து, எட்டு வயதோடு நிறுத்தம். எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்பதும் தவறு. வளர்ப்பாளர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவுச் சான்றைக் கேட்பது உங்கள் உரிமை. முறையாகச் செய்பவர் அதற்குக் கோபப்பட மாட்டார்.

ராஜபாளையத்தில் முக்கியமான சிக்கல் காது கேளாமை. உடம்பு முழுக்க வெள்ளையாக்கும் அதே நிறமிக் குறைவு உட்காதையும் பாதிக்கும். அதனால் சில குட்டிகள் பிறவியிலேயே ஒரு காதோ இரண்டு காதோ கேளாமல் வளரும். கண் நீலமாக இருந்தால் இன்னும் கவனமாகச் சோதியுங்கள். கூட்டத்தோடு இருக்கும்போது சோதித்தால் ஏமாந்துவிடுவீர்கள், ஏனென்றால் கேளாத குட்டி மற்றவை திரும்புவதைப் பார்த்துத் தானும் திரும்பும். குட்டியைத் தனியே தூக்கிவந்து, தூங்கவிட்டு, அதன் கண்ணில் படாமல் பின்னால் உட்கார்ந்து சாவிக்கொத்தைக் குலுக்குங்கள். பிறகு மெல்ல விசில் அடியுங்கள். காலைத் தரையில் தட்டாதீர்கள், அதிர்வு உடம்பில் தெரிந்துவிடும். முகத்தருகே கைதட்டவும் வேண்டாம், காற்று படும். ஆறேழு வாரக் குட்டிக்கு இந்தச் சோதனை போதும். ஒரு காது மட்டும் கேளாத குட்டியை இப்படிக் கண்டுபிடிக்க முடியாது. அதற்கு மூளையின் ஒலி எதிர்வினையைக் கருவியால் அளக்கும் பரிசோதனைதான் வழி. அத்தகைய நாய் நன்றாகவே வாழும், ஆனால் அதை இணை சேர்க்கக் கூடாது. வளர்ப்பாளரிடம் "முந்தின ஈத்தில் காது கேட்காத குட்டி இருந்ததா?" என்று நேராகக் கேளுங்கள். இருந்தது என்று சொல்லி, அந்த ஜோடியை மறுபடி சேர்க்கவில்லை என்பவர்தான் நீங்கள் தேடும் ஆள். "எங்க லைன்ல அப்படி எதுவுமே கிடையாது" என்று அடித்துச் சொல்பவர் மேல் எனக்கு நம்பிக்கை வராது.

தாய்க்கும் தகப்பனுக்கும் என்ன உறவு என்பதையும் கேளுங்கள். வெள்ளை நிறமும் உயரமும் மாறாமல் வர வேண்டும் என்று அண்ணன் தங்கையையும் அப்பன் மகளையும் சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள். இப்படி நெருங்கிய உறவில் சேர்த்தால் குட்டிகளின் எண்ணிக்கை குறையும், நோய் எதிர்ப்பு குறையும், மறைந்திருந்த குறைகள் வெளியே வரும்.

காகிதத்துக்கு வருவோம். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்திய கென்னல் கிளப் தரும் சான்றிதழில் தாய், தகப்பன், அவற்றின் முன்னோர், நாயின் தோலுக்கடியில் வைக்கும் மைக்ரோசிப்பின் எண் இருக்கும். சிப் எண் 15 இலக்கம். கால்நடை மருத்துவரிடம் உள்ள ஸ்கேனரைத் தாய் நாயின் கழுத்தில் வைத்தால் அந்த எண் வர வேண்டும். வேறு நாயின் சான்றிதழ் நகலைக் காட்டி விற்பது சாதாரணமாக நடக்கிற மோசடி, அதைப் பிடிக்க இந்த ஒரு சோதனை போதும். குட்டி வாங்கிய பிறகு உரிமையாளர் பெயரை உங்கள் பெயருக்கு மாற்ற வேண்டும், அதற்கான கையெழுத்தை அன்றைக்கே வாங்கிவிடுங்கள். இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள்: சான்றிதழ் வம்சத்தைச் சொல்லும், ஆரோக்கியத்தைச் சொல்லாது.

நம் மாவட்டத்தின் பெயரோடே வழங்கும் இராமநாதபுரம் மண்டை நாயையும் நீங்கள் யோசிக்கலாம். பெருந்தலையும் கனத்த உடம்பும் கொண்ட காவல் நாய், தோப்புக்குப் பொருத்தமானது. கர்னாலில் உள்ள தேசிய விலங்கு மரபணு வளப் பணியகம் முதலில் பதிவு செய்த மூன்று நாட்டு நாய் இனங்கள் ராஜபாளையம், சிப்பிப்பாறை, முதோல் மட்டுமே. மண்டை அதில் இல்லை. ஆகவே மண்டைக்குட்டி வாங்கும்போது காகிதத்தை நம்பியிருக்க முடியாது. தாய், தகப்பன், முடிந்தால் முந்தின ஈத்தில் பிறந்து வளர்ந்த நாய்கள் என்று ஊருக்குள் விசாரித்து நேரில் பார்ப்பது ஒன்றே வழி. வேட்டையாடும் வீடியோவைக் காட்டி விலை ஏற்றுபவர்களிடம் வாங்காதீர்கள். முயல் வேட்டை 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

குட்டியைத் தேர்ந்தெடுக்கும்போது ஈறு இளஞ்சிவப்பாக இருக்கிறதா, கண்ணில் பீளை இல்லையா, ஆசனவாய்ப் பக்கம் கழிச்சல் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். தொப்புளில் வீக்கம் இருந்தால் குடலிறக்கம். உடம்பு ஒல்லியாகவும் வயிறு மட்டும் உப்பியும் இருந்தால் பூச்சி. இரண்டு வாரத்திலிருந்து எட்டு வாரம் வரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பூச்சி மருந்து கொடுத்திருக்க வேண்டும். ஆறிலிருந்து எட்டு வாரத்துக்குள் முதல் தடுப்பூசி போட்டு, மருந்துக் குப்பியின் ஸ்டிக்கர் ஒட்டி, மருத்துவர் கையெழுத்திட்ட அட்டை வேண்டும். ஸ்டிக்கர் இல்லாமல் பேனாவில் தேதி மட்டும் எழுதிய அட்டையை நம்பாதீர்கள்.

பணம் கொடுக்கும்போது ஒரு தாளில் எழுதி வாங்குங்கள்: விலை, பிறந்த தேதி, தாய் தகப்பன் சிப் எண், மூன்று நாளுக்குள் உங்கள் மருத்துவர் பிறவிக் குறை கண்டால் திருப்பிக்கொள்வதாக ஒரு வரி. பார்வோ தொற்றிய பின் வாந்தியும் இரத்தக் கழிச்சலும் வெளியே தெரியப் பெரும்பாலும் மூன்று முதல் ஏழு நாள் ஆகும். அதனால் பார்வோவுக்கு மட்டும் பத்து நாள் கேளுங்கள். தோப்பில் முன்பு பார்வோவில் குட்டி ஏதும் இறந்திருந்தால் கிருமி மண்ணில் பல மாதம் உயிரோடு இருக்கும். பினாயில் ஊற்றுவதை நம்ப வேண்டாம். சிமெண்ட் தரையைக் கழுவிவிட்டு, பிளீச் ஒரு பங்குக்குத் தண்ணீர் 30 பங்கு கலந்து பத்து நிமிடம் ஈரமாகவே வைத்திருங்கள். மண்தரையை இப்படிச் சுத்தம் செய்ய முடியாது, அங்கே 16 வாரத்தில் கடைசித் தவணை ஊசி முடிந்த பிறகே குட்டியை விடுங்கள்.

கூட்டிவரும் வழியில் டீக்கடைகளில் குட்டியைத் தரையில் இறக்காதீர்கள். முதல் ஒரு வாரம் வளர்ப்பாளர் கொடுத்த அதே தீனிதான். தோப்புக் கிணற்றில் தண்ணீர் உப்பாக இருந்தால் வீட்டில் நீங்கள் குடிக்கும் தண்ணீரையே வையுங்கள், உப்புத் தண்ணீரில் வரும் கழிச்சலைப் பார்வோ என்று நினைத்துப் பதற நேரிடும். நம் பக்கம் உண்ணி அதிகம், உண்ணிக் காய்ச்சல் குட்டிகளைக் கொல்லும். உண்ணி மருந்தை எந்த வயதில், எந்த எடைக்கு, எவ்வளவு என்று மருத்துவரிடம் கேட்டுப் போடுங்கள். வெள்ளை நாயின் இளஞ்சிவப்பு மூக்கு உச்சி வெயிலில் வெந்துபோகும், பகல் பதினொன்றிலிருந்து நான்கு வரை தென்னை நிழலிலேயே கட்டுங்கள்.