பதில்: ‘ஒப்புக்கொள்வீர்களா?’ என்ற கேள்வி எதை அளக்கிறது?

மக்கள் ஒப்பந்த அறக்கோட்பாட்டின்படி (எல்லாரும் ஒப்புக்கொள்ளக்கூடிய விதியே சரியான விதி என்ற கருத்தின்படி) சிந்திக்கிறார்களா என்று பார்க்க, “இந்த விதியை ஒப்புக்கொள்வீர்களா?” என 1 முதல் 7 வரையான அளவுகோலில் கேட்டிருக்கிறீர்கள்; முடிவுகள் குழம்பிவிட்டன. கோளாறு ஆள் எண்ணிக்கையில் இல்லை, கேள்வியில்தான்.

இக்கோட்பாட்டுத் தத்துவவியலாளர்களில் கோத்தியே (1986) வழியில் ஒப்புதல் என்பது அவரவர் நலனுக்கான பேரம். ஸ்கான்லன் (1998) கேட்பதோ வேறு: இவ்விதியை யாராவது நியாயமாக மறுக்க முடியுமா? உங்கள் கேள்வி இரண்டையும் ஒன்றாக அள்ளிக்கொள்கிறது.

இரண்டையும் பிரிக்க, பங்கேற்பாளர்களுக்குக் கொடுக்கும் ஒரு தொகுப்புக் கதைகளில் பேர வலிமையை மட்டும் மாற்றுங்கள், விதியால் விழும் சுமை அப்படியே இருக்கட்டும். அடுத்ததில் ஒருவர் மேல் விழும் பெருஞ்சுமையையும் பலர் மேல் பரவும் சிறுசுமைகளையும் எதிரெதிரே வையுங்கள். பலருடைய மொத்தம் சற்றே கூடுதலாக இருக்க வேண்டும். மொத்த நன்மையைப் பார்க்கும் பயன்வாதம் பலரைக் காக்கச் சொல்லும். ஸ்கான்லனிடம் சிறுசுமைகளைக் கூட்டிக் காட்டி அந்த ஒருவரின் மறுப்பை அடக்க முடியாது. உழைப்பை இங்கேதான் கொட்டுங்கள். அந்தப் பலரின் எண்ணிக்கையை 5, 50, 500 என ஏற்றினால் யார் எங்கே தடம் மாறுகிறார்கள் என்பதும் தெரியும்.

தம் நிலை என்னவென்று தெரியாத ‘அறியாமைத் திரை’க்குப் பின்னிருந்து விதிகளைத் தேரச் சொன்ன தத்துவவியலாளர் ரால்ஸைச் சேர்ப்பதானால் ஃப்ரோலிக், ஓப்பன்ஹைமர் சோதனைகளைப் பாருங்கள்: பெரும்பாலான குழுக்கள் தேர்ந்தது ரால்ஸின் வேறுபாட்டு விதியை (மிகவும் பின்தங்கியவரின் நிலையை முடிந்தவரை உயர்த்துவதை) அல்ல, குறைந்தபட்ச வருமான உறுதியோடு சராசரியை உயர்த்தும் விதியை. அதை வைத்து ரால்ஸ் தோற்றார் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். ஆய்வகத்தில் சில மணி நேரம் போடும் திரை அவர் சொன்ன அறியாமைத் திரை அல்ல.