ஒரு செமஸ்டரில் பத்து நாடா? ஆகன் போகும் மாணவிக்கு ஒரு பதில்

கேள்வி: வணக்கம் மேடம். எனக்குச் சொந்த ஊர் காவேரிப்பட்டணம். கிருஷ்ணகிரியில் பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். அக்டோபரிலிருந்து பிப்ரவரி வரை ஜெர்மனியில் ஆகன் நகரத்தில் ஒரு செமஸ்டர் படிக்கத் தேர்வாகியிருக்கிறேன். கூட வரும் தோழிகள் இப்போதே பத்து நாட்டுக்குப் பட்டியல் போட்டுவிட்டார்கள். அப்பாவோ "படிக்கப் போறியா, ஊர் சுத்தப் போறியா?" என்கிறார். ஜெர்மனி விசாவை வைத்துக்கொண்டு மற்ற நாடுகளுக்குப் போகலாமா? செலவை எப்படிச் சமாளிப்பது? தனியாகப் போனால் பயமில்லையா?

பதில்: அப்பா கேட்டது நியாயமான கேள்விம்மா. அதிலிருந்தே தொடங்கலாம்.

ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களில் ஒரு செமஸ்டருக்கு முழுப் பாடச்சுமை 30 கிரெடிட். ஜெர்மனியில் ஒரு கிரெடிட் என்றால் 25 முதல் 30 மணி நேர உழைப்பு. ஆக 750 முதல் 900 மணி நேரம். இதை வாரக் கணக்கில் பிரித்துப் பார், ஐந்து நாள் முழுதாக அதற்கே போய்விடும். மிச்சம் இரண்டு நாளில் ஒன்று துணி துவைக்க, சமைக்க, எழுதாமல் விட்ட அசைன்மென்ட்டை முடிக்க. ஊர் பார்க்கக் கிடைப்பது வாரத்துக்கு ஒரு நாள். அதிலும் போய் இறங்கிய முதல் இரண்டு வாரம் வீட்டு முகவரியைப் பதிவு செய்வது, வங்கிக் கணக்கு, இன்சூரன்ஸ் என்று ஓடிவிடும். கடைசி வாரங்கள் தேர்வுக்கு. கிறிஸ்துமஸ் விடுமுறையைத் தனியாக வைத்துவிட்டால் உன் கையில் நிற்பது சுமார் பன்னிரண்டு நாள். இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதி அப்பாவிடம் காட்டு. தோழிகளிடமும் காட்டு.

நான் 2011-ல் ஜெர்மனியின் கொலோன் நகரத்தில் ஒரு செமஸ்டர் இருந்தவள். திரும்பி வந்த பிறகு, இங்கே தருமபுரியில் கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டே, வெளியே போகும் பிள்ளைகளுக்கு வழி சொல்லி வருகிறேன். திரும்பி வருகிறவர்களிடம் என்ன பார்த்தீர்கள் என்று உட்காரவைத்துக் கேட்பது என் வழக்கம். அரூர்ப் பக்கத்துப் பையன் ஒருவன் பதினோரு நாடு போய் வந்தான். போனில் ஒரு பாலத்தின் படத்தைக் காட்டினான். எந்த ஊர் என்று கேட்டேன். ப்ராகா, புடாபெஸ்டா என்று அவனுக்கே சந்தேகம். ராத்திரி பஸ்ஸில் தூங்கி, காலையில் இறங்கி, படம் எடுத்து, மறுபடி பஸ் ஏறியிருக்கிறான். பாவம், அவ்வளவு காசு செலவழித்தும் அவனிடம் சொல்ல ஒன்றும் இல்லை. அதனால் என் யோசனை இதுதான்: தங்கியிருக்கும் ஊரையும் அதைச் சுற்றி நூறு, நூற்றைம்பது கிலோமீட்டரையும் முதலில் நன்றாகப் பார். வெளிநாட்டுப் பட்டியலை மூன்றுக்குள் நிறுத்து.

ஆகன் அதற்கு ஏற்ற ஊர். ஊர் நடுவே எலிசன்புருனன் என்று ஒரு மண்டபம். அங்கே குழாயில் வெந்நீர் ஊற்று ஓடும். கிட்டே போனால் அழுகிய முட்டை வாசனை அடிக்கும். கந்தகம்தான், முகம் சுளிக்காதே. இந்த வெந்நீருக்காகத்தான் ரோமானியர்கள் அங்கே குளியலறைகள் கட்டினார்கள், பேரரசர் சார்லமேன் அதே ஊரில் அரண்மனை கட்டினார். அவர் கட்டிய எண்கோண வழிபாட்டுக்கூடம் இன்றைய கதீட்ரலின் நடுப்பகுதியாக நிற்கிறது. 814-ல் அவரை அடக்கம் செய்ததும் அங்கேதான். 1978-ல் யுனெஸ்கோ முதன்முதலாக உலகப் பாரம்பரியப் பட்டியல் போட்டபோது அதில் இருந்த 12 இடங்களில் இதுவும் ஒன்று. வகுப்பு முடிந்து வீட்டுக்குப் போகும் வழியில் கால் மணி நேரம் உள்ளே போய் உட்கார். வெவ்வேறு வெளிச்சத்தில் நாலைந்து முறை பார்த்தால்தான் அந்தக் கூரையின் தங்க நிறம் பிடிபடும்.

அங்கே யாராவது "ஆயிரத்து இருநூறு வருஷத்துப் பழசு" என்று பெருமையாகச் சொன்னால், நம் மயிலாடும்பாறையைப் பற்றிச் சொல்லு. அங்கே கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022-ல் தமிழக அரசு அறிவித்தது. உன் மாவட்டம்தான், பர்கூர்ப் பக்கம். போவதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவோடு அந்த மலையை ஒருமுறை பார்த்துவிட்டுப் போ. "உங்க ஊர்ல பார்க்க என்ன இருக்கு?" என்று அங்கே கட்டாயம் கேட்பார்கள்.

முதல் பயணமாக நான் எல்லாருக்கும் சொல்வது மூன்று நாட்டு எல்லை. ஆகனிலிருந்து நகரப் பேருந்தில் நெதர்லாந்தின் ஃபால்ஸ் ஊருக்குப் போய், அங்கிருந்து காட்டுப் பாதையில் மேலே நடந்தால் ஒரு எல்லைக்கல். ஜெர்மனி, நெதர்லாந்து, பெல்ஜியம் மூன்றும் அந்தக் கல்லில் முட்டுகின்றன. உயரம் 322 மீட்டர். நெதர்லாந்தின் ஐரோப்பிய நிலப்பரப்பில் அதுதான் உச்சி. நமக்குச் சிரிப்பு வரும், ஆனால் அவர்களுக்கு அது மலை. 1816-லிருந்து முதல் உலகப் போர் முடியும்வரை அங்கே மோரெஸ்னெட் என்று யாருக்கும் சேராத ஒரு குட்டிப் பிரதேசமும் இருந்தது, அப்போது அது நாலு எல்லை. ஆந்திரா, கர்நாடகா இரண்டையும் எல்லையாக வைத்திருக்கும் மாவட்டத்திலிருந்து போகிற உனக்கு இது சட்டென்று மனதில் ஒட்டும். அந்தக் கல்லைச் சுற்றி நடந்தபடியே அப்பாவுக்கு வீடியோ கால் போடு. பஸ் காசில் மூன்று நாடு ஆகிவிடும்.

இனி விசா. உன்னிடம் இருக்கப் போவது தேசிய விசா, டி வகை. அதையோ, வசிப்புரிமை அட்டை கொடுத்தால் அதையோ வைத்துக்கொண்டு மற்ற ஷெங்கன் நாடுகளுக்கு, அதாவது பொது விசா விதிக்குள் சேர்ந்திருக்கும் ஐரோப்பிய நாடுகளுக்கு, தனி விசா இல்லாமல் போகலாம். கணக்கு, எந்த 180 நாளை எடுத்தாலும் அதில் 90 நாளுக்கு மேல் கூடாது. ஜெர்மனிக்குள் இருக்கும் நாட்கள் இதில் சேராது. 2025 ஜனவரியில் பல்கேரியா, ருமேனியா இரண்டும் முழுமையாகச் சேர்ந்த பிறகு ஷெங்கன் நாடுகள் 29. இங்கிலாந்தும் அயர்லாந்தும் இதில் இல்லை. லண்டனுக்கு வேறு விசா, வேறு கட்டணம், வேறு அலைச்சல். ஒரு செமஸ்டரில் அது வேண்டாம் என்பேன்.

எல்லை திறந்திருக்கிறது என்பதால் பாஸ்போர்ட்டை அறையில் விட்டுவிட்டுப் போகாதே. 2024 செப்டம்பரில் ஜெர்மனி தன் எல்லா நில எல்லைகளிலும் சோதனை தொடங்கியது. ரயிலிலும் பஸ்ஸிலும் போலீஸ் ஏறிப் பார்ப்பார்கள். போனில் இருக்கும் படம் செல்லாது, அசல் கையில் இருக்க வேண்டும். உள்சட்டைக்குள் மாட்டும் துணிப் பையில் பாஸ்போர்ட்டைப் போட்டுக்கொள். நம் ஊர்த் தையல்காரரிடம் சொன்னால் அரை மணி நேரத்தில் தைத்துக் கொடுத்துவிடுவார்.

செலவு விஷயத்துக்கு வருகிறேன். பிளாக்டு அக்கவுண்ட்டில், அதாவது விசாவுக்காக முன்கூட்டியே பணம் போட்டு மாதம் ஒரு பங்கு மட்டும் எடுக்கும் கணக்கில், பணம் போட்டுப் போகிறாய் என்றால், 2024 செப்டம்பரிலிருந்து மாதத்துக்கு 992 யூரோ கணக்கு. மாதா மாதம் அவ்வளவுதான் வெளியே வரும். வாடகை, இன்சூரன்ஸ், சாப்பாடு போக மிஞ்சுவது கொஞ்சம்தான். இதில் உன்னைக் காப்பாற்றப் போவது செமஸ்டர் டிக்கெட். பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் செமஸ்டர் கட்டணத்தோடே நாடு முழுவதும் செல்லும் மாணவர் டிக்கெட்டும் வந்துவிடுகிறது. பொதுமக்களுக்கான டாய்ச்லாண்ட் டிக்கெட் விலையில் 60 சதவீதம்தான் அதற்கு. பரிமாற்ற மாணவர்களுக்கும் உண்டா என்று பல்கலைக்கழகத்துக்கு இப்போதே ஒரு மெயில் போட்டுக் கேள். இதை வைத்து நகரப் பேருந்து, டிராம், மெட்ரோ, ஆர்இ, ஆர்பி, எஸ் என்று எழுத்துப் போட்ட ரயில்கள் எல்லாவற்றிலும் ஏறலாம். ஐசிஇ, ஐசி போன்ற விரைவு ரயில்களில் ஏறக்கூடாது. பிளாட்பாரத்தில் பெட்டி காலியாக நிற்கிறதே என்று ஏறிவிட்டால் அபராதம்.

எனக்கு விழுந்த அபராதம் வேறு மாதிரி. அந்தக் காலத்தில் நாலு பயணத்துக்கான டிக்கெட் ஒன்றை வாங்கி, நம் ஊர் பஸ் டிக்கெட் மாதிரி பத்திரமாகப் பர்ஸில் வைத்திருந்தேன். வாங்கினால் மட்டும் போதாது, ஏறும்போது சின்னப் பெட்டிக்குள் நீட்டி முத்திரை குத்த வேண்டும் என்று எனக்குத் தெரியாது. பரிசோதகர் வந்தார், 40 யூரோ. ஒரு வார மளிகைக் காசு அது, டிராமிலேயே அழுதுவிட்டேன். இப்போது அந்த அபராதம் 60 யூரோ. தனி டிக்கெட் எடுக்கும் ஊர்களில் முத்திரை குத்த வேண்டுமா என்று பக்கத்தில் நிற்பவரிடம் கேட்டுவிட்டே ஏறு.

செமஸ்டர் டிக்கெட்டில் போகக்கூடிய பயணங்களில் எனக்கு மிகப் பிடித்தது ரைன் நதிக்கரை ரயில். கோப்லென்ஸ் வரை போய், அங்கிருந்து மைன்ஸ் பக்கம் போகும் சாதாரண ரயிலில் ஏறு. ரயில் போகும் திசையைப் பார்த்து இடப்பக்க ஜன்னலோரம் உட்கார். கிட்டத்தட்ட 65 கிலோமீட்டர் நீளப் பள்ளத்தாக்கு அது, 2002-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. ஒரு பக்கம் திராட்சைத் தோட்டம் படிப்படியாக ஏறும், வளைவுக்கு வளைவு குன்றின் மேல் ஒரு கோட்டை நிற்கும். கௌப் ஊருக்கு எதிரே வரும்போது போனைக் கீழே வைத்துவிட்டுப் பார். ஆற்றின் நடுவிலேயே, கப்பல் மாதிரி கூர்மூக்கோடு ஒரு வெள்ளைக் கோட்டை. படகுக்காரர்களை நிறுத்தி வரி வாங்கக் கட்டியது. கிருஷ்ணகிரி சுங்கச்சாவடியில் வரிசையில் நின்று வளர்ந்த பிள்ளைக்கு விளக்கமே தேவைப்படாது. வேண்டுமென்ற ஊரில் இறங்கி, ஆற்றங்கரையில் டப்பாவைத் திறந்து புளிசாதம் சாப்பிட்டுவிட்டு அடுத்த ரயிலைப் பிடி. முந்தின இரவே செயலியில் ரயில் நேரம் பார்த்துவிடு. வார இறுதிகளில் தண்டவாள வேலை என்று அடிக்கடி மாற்றிவிடுவார்கள்.

இதை அக்டோபரிலேயே முடித்துவிட வேண்டும். நம் ஊரிலிருந்து போகிறவர்கள் தவறவிடுவது வெளிச்சக் கணக்கைத்தான். டிசம்பரில் ஆகனில் விடிவது காலை எட்டரை, இருட்டுவது மாலை நாலரை. அதனால் ஆறு, மலை, காடு எல்லாம் அக்டோபரில். அருங்காட்சியகம், கதீட்ரல் எல்லாம் குளிரில். கொலோன் கதீட்ரல் ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்தாலே தலைக்கு மேல் நிற்கும். 1248-ல் தொடங்கி 1880-ல்தான் கட்டி முடித்தார்கள். கோபுரத்துக்கு 533 படி. கிருஷ்ணகிரிக் கோட்டை மலை ஏறிய கால்களுக்கு அது பெரிதில்லை. ஞாயிற்றுக்கிழமை அங்கே கடைகள் மூடியிருக்கும், அருங்காட்சியகங்கள் பல திங்கட்கிழமை மூடும். சனிக்கிழமையே ரொட்டியும் பழமும் வாங்கி வைத்துக்கொள். குழாய்த் தண்ணீரைக் குடிக்கலாம், பாட்டிலில் பிடித்துப் போ. நிலையக் கழிப்பறைக்குக் காசு கேட்பார்கள், ரயிலுக்குள் இலவசம். இறங்குவதற்கு முன்பே போய்விட்டு இறங்கு.

கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு ஒரே ஒரு நீண்ட பயணம் வைத்துக்கொள். பாரிஸ் ஆசை இருக்கும், போ. குறைந்தது நாலு நாள் ஒதுக்கு. ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதியில் (ஐரோப்பிய ஒன்றியமும் அதோடு சேர்ந்த சில நாடுகளும்) வசிக்கும் 26 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு அங்குள்ள லூவ்ர் அருங்காட்சியகத்தில் அனுமதி இலவசம். பிறந்த நாடு அங்கே கணக்கில்லை, வசிக்கும் நாடுதான் கணக்கு. உன் நீண்டகால விசாவை அல்லது வசிப்புரிமை அட்டையைக் காட்ட வேண்டும். இலவசமானாலும் நேரத்தை முன்பதிவு செய்துவிடு. செவ்வாய்க்கிழமை மூடியிருக்கும். டிசம்பர் 25-ம் தேதி எங்கும் போகும்படி திட்டமிடாதே, பல இடம் பூட்டியிருக்கும்.

பிப்ரவரியில் தேர்வுக்கு நடுவே ஒரு திங்கட்கிழமை மட்டும் கொலோனுக்கு ஒதுக்கு. கார்னிவல் ஊர்வலம், ரோசன்மோன்டாக் என்பார்கள். ஊரே வேஷம் கட்டித் தெருவில் நிற்கும். வண்டிகளின் மேலிருந்து சாக்லேட்டும் மிட்டாயும் வாரி இறைப்பார்கள். கீழே நிற்பவர்கள் "கமெல்லே" என்று கத்திக் கேட்பார்கள். நான் முதல்முறை பார்த்தபோது காவேரிப்பட்டணம் மயானக் கொள்ளைதான் ஞாபகம் வந்தது. சிவராத்திரியை ஒட்டி அங்காளம்மன் வேஷம் கட்டி ஆடி வருவதும், சூறை விடுவதும் அந்தக் கூட்டத்தில் கண்ணுக்குள்ளேயே நின்றன. பிரிந்து போனால் எங்கே சந்திப்பது என்று தோழிகளோடு முன்பே பேசிவைத்துக்கொள்ளுங்கள். அன்று போன் சிக்னல் சிரமம்.

தனியாகப் போவதைப் பற்றி: பகல் பயணம் தனியாகப் போகலாம், போக வேண்டும். இரவு தங்கும் பயணத்துக்கு ஒருத்தியையாவது கூட்டிக்கொள். எந்த ஊரிலும் இருட்டுவதற்குள் இறங்கும்படி டிக்கெட் எடு. அவசரத்துக்கு ஐரோப்பிய ஒன்றியம் எங்கும் 112. ஜேப்படிக்காரர்கள் அதிகம் நிற்பது பாரிஸ் மெட்ரோவிலும் பெரிய நிலையங்களிலும். கையெழுத்து கேட்டு அட்டையை நீட்டுகிறவர்களிடம் நிற்காமல் நடந்துவிடு. ஜெர்மனியில் வாங்கும் சிம்முக்கு ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் கூடுதல் கட்டணம் வராது, ஆனால் சுவிட்சர்லாந்து அதில் சேராது. அந்த நாட்டு எல்லை தாண்டியதும் டேட்டாவை அணைத்துவிடு.

பயணத்தில் இரவு தங்க ஹாஸ்டலில் பொது அறை எடுப்பாய். அலமாரி இருக்கும், பூட்டு இருக்காது, வாடகைக்குக் கொடுப்பார்கள். காவேரிப்பட்டணம் கடைத்தெருவில் இரண்டு சாவியோடு ஒரு சின்னப் பூட்டு வாங்கிப் பெட்டியில் போட்டுக்கொள். ஒரு சாவி உன் கழுத்துச் செயினில், இன்னொன்று தோழியிடம்.