'அடோன்மென்ட்' நாவலின் முடிவு வாசகரை ஏமாற்றுகிறதா?

உங்கள் பெங்களூரு தமிழ் வாசகர் வட்டத்தில் பலரும் அப்படிச் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இயன் மெக்யூவனின் இந்த நாவல் 2001-இல் வந்தது. 1935 கோடையில் 13 வயது பிரையோனி சொல்லும் பொய்யால் ராபி சிறைக்குப் போகிறான். அவனைக் காதலிக்கும், பிரையோனியின் அக்கா செசிலியா வீட்டையே உதறுகிறாள். 1940-இல் போரில் இருவரும் இறந்துவிட்டார்கள், சேர்ந்து வாழ்ந்ததாக எழுதியது தன் கற்பனை என்று, இந்தக் கதையை எழுதியவளான பிரையோனி கடைசியில்தான் சொல்கிறாள்.

சரி, நடுவில் வரும் மருத்துவமனைக் காட்சியை மறுபடி படியுங்கள். தாதியாக இருக்கும் பிரையோனி, ஒரு பிரெஞ்சுச் சிப்பாயின் தலைக்கட்டைத் தளர்த்துகிறாள், மண்டை உடைந்திருக்கிறது. சாகப்போகிறவன் தன்னை நேசிக்கிறாயா என்று கேட்கிறான். ஆமாம் என்கிறாள். அதே கருணையைத்தான் முடிவில் அக்காவுக்கும் ராபிக்கும் காட்டுகிறாள் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.