மேடையில் எந்நேரமும் சிரித்த முகமாக நிற்கும் பிள்ளையை அடக்கி வளர்க்க வேண்டுமா?

கேள்வி: நிகழ்த்து கலைப் பள்ளியில் நாடகம் பயிலும் என் 15 வயது மகன் மேடையில் எப்போதும் மலர்ந்த முகத்துடனேயே நிற்கிறான். அவனுடைய ஆசிரியர் அதைக் குறை என்கிறார். அந்த உற்சாகத்தை அடக்கத்தான் வேண்டுமா?

அம்மா, அடக்க வேண்டாம் என்பதே என் பதில். ஆனால் இதை நான் தொடக்கத்திலேயே அறிந்திருந்தவன் அல்லன். ஒரு பிள்ளையிடம் தவறு செய்த பிறகே அறிந்துகொண்டேன். அந்தப் பிள்ளையைப் பற்றிச் சொன்னால்தான் என் பதில் உங்களுக்கு விளங்கும்.

இராமநாதபுரம் கடற்கரை ஊர்களில் நடக்கும் ஸ்பெஷல் நாடகங்களுக்கு நான் 22 ஆண்டுகளாக ஆர்மோனியம் வாசித்துப் பின்பாட்டுப் பாடி வருகிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு சிறிய கலைப் பள்ளியில் நாடகப் பாட்டும் சொல்லித்தருகிறேன். ஸ்பெஷல் நாடகத்தில் நிலையான குழு என்று எதுவும் கிடையாது. ராஜபார்ட் (கதாநாயகன்), ஸ்திரீபார்ட் (கதாநாயகி), நாரதர், பபூன் (கோமாளி), நடனம், மிருதங்கம், ஆர்மோனியம் என ஒவ்வொருவரையும் ஊரார் தனித்தனியே ஒப்பந்தம் செய்வார்கள். அவர்கள் ஒத்திகை எதுவும் இன்றி அன்றிரவு மேடையில்தான் ஒன்றுகூடுவார்கள். பெரும்பாலும் சங்கரதாஸ் சுவாமிகளின் வள்ளி திருமணமே நடக்கும் என்பதாலும், அதன் பாடல்களையும் தர்க்கங்கள் எனப்படும் வாதப் பேச்சுகளையும் எல்லோரும் முன்பே பாடம் செய்திருப்பார்கள் என்பதாலும் ஒத்திகைக்குத் தேவை எழுவதில்லை. இரவு பத்து மணி வாக்கில் முதலில் மேடைக்கு வருபவர் பபூன். இடம்பிடித்துப் பாய் விரிப்பவர்களும், அழும் குழந்தையைத் தட்டிக்கொடுப்பவர்களுமாகக் கலைந்து கிடக்கும் கூட்டத்தை அவர் ஒற்றை ஆளாக நின்று நாடகத்துக்குள் கொண்டுவர வேண்டும். பேச்சுத் துணைக்கு அவருக்கு இருப்பவர்கள் மேடையோரத்தில் அமர்ந்திருக்கும் ஆர்மோனியக்காரரும் மிருதங்கக்காரருமே.

நான் சொல்லவந்த பிள்ளை பாம்பன் பக்கத்து மீனவக் குடும்பத்தைச் சேர்ந்தவன். முருகன் வேடம் கட்டிப் பாட வேண்டும் என்ற ஆசையுடன் 14 வயதில் எங்களிடம் வந்தான். வந்த சில மாதங்களிலேயே அவனுக்கு மகரக்கட்டு, அதாவது பருவ வயதில் குரல் உடையும் நிலை, வந்துவிட்டது. சிறுவர்களைக் கொண்டே நாடகம் நடத்திய பாய்ஸ் கம்பெனிகள் செழித்திருந்த காலத்தில் மகரக்கட்டு வந்த பையன்களிடமிருந்து பாடும் வேடங்கள் பறிபோய்விடும் என்றும், பலர் அழுதுகொண்டே ஊர் திரும்பினார்கள் என்றும் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். இவனுக்கு ஒரு விருத்தத்தின் நடுவில் குரல் உடைந்தது, வகுப்பே சிரித்தது. அவன் ஒரு கணம் தன் குரலைத் தானே வியந்து கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, அதே வரியை மீண்டும் பாடி, அதே இடத்தில் வேண்டுமென்றே குரலை உடைத்துக் காட்டினான். இம்முறை பிள்ளைகள் சிரித்த சிரிப்பு அவனைப் பார்த்துச் சிரித்ததாக இல்லை, அவனோடு சேர்ந்து சிரித்ததாக இருந்தது. அவன் பபூன் வேடத்துக்கு வந்தது அப்படித்தான்.

இனி என் தவற்றைச் சொல்கிறேன். எந்தக் காட்சியிலும் அவன் முகத்தில் சிரிப்பு மிதந்துகொண்டே இருந்ததால், உங்கள் மகனின் ஆசிரியரைப் போலவே நானும் அதைப் பயிற்சிக் குறைவு என்று எண்ணினேன். "முகத்தை நிறுத்து தம்பி, சிரிப்பு வேண்டாம்" என்று ஏறக்குறைய இரண்டு மாதங்கள் சொல்லிக்கொண்டே இருந்தேன். அவனும் மறுபேச்சின்றிக் கீழ்ப்படிந்தான். தேவிபட்டினம் பக்கத்தில் ஒரு கோயில் விழாவுக்குப் பிள்ளைகளை அழைத்துச் சென்றபோது, அவன் ஒரு சொல் பிழையில்லாமல் பேசி முடித்தான். கூட்டத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு மூதாட்டி பிறகு என்னிடம் வந்து, "அந்தத் தம்பிக்கு மேலுக்குச் சரியில்லையாப்பா?" என்று அக்கறையோடு கேட்டார். அந்தக் கேள்வி என்னைப் பல நாள் உறங்கவிடவில்லை. நான் திருத்துவதாக நினைத்துக்கொண்டு அந்தப் பிள்ளையிடம் இருந்த பொருளையே எடுத்துவிட்டிருந்தேன்.

இதை எனக்கு விளங்கவைத்தது தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல். அங்கே எட்டு மெய்ப்பாடுகளில், அதாவது உடலில் வெளிப்படும் உள்ளத்து உணர்வுகளில், முதலில் நகையும் (சிரிப்பு) இறுதியில் உவகையும் (மகிழ்ச்சி) வைக்கப்பட்டிருக்கின்றன. எள்ளல், இளமை, பேதைமை, மடன் ஆகிய நான்கும் நகைக்கு நிலைக்களன்கள், அதாவது அது பிறக்கும் இடங்கள். செல்வம், புலன், புணர்வு, விளையாட்டு ஆகிய நான்கும் உவகைக்கு நிலைக்களன்கள். இரண்டும் ஒன்றல்ல. அவன் முகத்தில் நான் கண்டது நகை அன்று, விளையாட்டில் பிறந்த உவகை. மேடையில் நிற்பதே அவனுக்கு விளையாட்டாகவும் இன்பமாகவும் இருந்தது. காட்சிக்குக் காட்சி மாற வேண்டியது நகை. அதன் அடியில் ஓடும் உவகையோ மாறத் தேவையில்லை. அழும் காட்சியில் நடிக்கும்போதுகூட, நடிப்பதில் உள்ள இன்பம் கலைஞனுக்குள் இருக்கத்தான் செய்கிறது. உங்கள் மகனின் ஆசிரியர் எதைக் குறை என்கிறார் என்பதைத் தயவுசெய்து கேட்டறியுங்கள். சோகக் காட்சியில் பல் தெரியச் சிரிக்கிறான் என்றால் அது திருத்த வேண்டிய பிழையே. மகிழ்ச்சியாக இருக்கிறான் என்பதே குறை என்றால் அதை நான் ஏற்கமாட்டேன்.

அதன் பிறகு நான் அவனுக்குச் சிரிப்பை அடக்கக் கற்பிக்கவில்லை, அதைக் காத்துக் கொடுக்கக் கற்பித்தேன். கூட்டம் சிரிப்பதற்கு முன் நீ சிரிக்காதே. எழுந்த சிரிப்பு பாதி அடங்கும்வரை அடுத்த வரியைச் சொல்லாதே, முழுவதும் அடங்கவும் விடாதே. மிருதங்கக்காரர் பதில் சொல்லும்போது அவர் முகத்தைப் பார், கூட்டம் அப்போதுதான் அவரைப் பார்க்கும். இவை கற்றுத்தரக்கூடியவை. பேச்சுக்கான பொருளை நான் தரவில்லை, அது அவனிடமே இருந்தது. எங்கள் பகுதியில் விசைப்படகுகள் திங்கள், புதன், சனி ஆகிய நாள்களில் கடலுக்குச் செல்லும். சனிக்கிழமை போன படகு ஞாயிறு காலையில் திரும்பும்போது அவன் அப்பாவுடன் நின்று மீனைத் தரம் பிரித்துக் கொடுத்துவிட்டு நேராக வகுப்புக்கு வருவான். அப்போதே பாதி நாடகம் அவனிடம் ஆயத்தமாக இருக்கும்: ஏலம் கூறுபவரின் மூச்சுவிடாத வேகம், விலைபோகாத கழிவு மீனான சங்காயத்தைப் பார்த்ததும் வியாபாரியின் முகம் போகும் போக்கு, வாடைக்காற்றையும் கச்சான் காற்றையும் இரண்டு சம்பந்திகளாக்கி அவன் பேசவைக்கும் சண்டை. பபூன் பேச்சில் இரட்டைப் பொருள் மலிந்துவிட்டதை எண்ணி நான் நெடுங்காலமாக வருந்துகிறவன். தன் ஊரை இவ்வளவு ஆசையோடு பார்க்கும் பிள்ளைக்கு அந்தக் குறுக்குவழி தேவைப்படவில்லை என்பதில் எனக்குப் பெரிய நிறைவு உண்டு.

இன்னொன்றையும் நீங்கள் அறிந்திருக்க வேண்டும். எங்கள் பள்ளி ஆண்டுவிழா ஒரு ஞாயிறு மாலையில் நடந்தது. முந்தைய நாள் சென்ற அவன் அப்பாவின் படகு அன்று காலையில் திரும்பவில்லை. மாலை ஐந்து மணிக்கு ஒப்பனை அறைக்கு வந்து, "இன்னைக்கு என்னால முடியாது வாத்தியாரே" என்றான். துயரத்தை மறைத்துச் சிரிக்கவைப்பவனே கலைஞன் என்று பள்ளியில் சிலர் அவனுக்கு எடுத்துச் சொல்லத் தொடங்கினார்கள். நான் அவர்களைத் தடுத்து, ஒருவனைத் துணைக்கு அனுப்பி அவனைக் கரைக்கு அனுப்பிவைத்தேன். வேறொரு மாணவி அந்த வேடத்தைச் செய்தாள். இயந்திரம் பழுதாகி நின்றிருந்த படகை, வேறொரு படகு கட்டி இழுத்துக்கொண்டு இரவு ஒன்பது மணி போல் கரைசேர்த்தது. உற்சாகமான பிள்ளை என்று பெயர் வாங்கிவிட்டவனிடம் எல்லோரும் எந்நேரமும் உற்சாகத்தையே எதிர்பார்ப்பார்கள். அவனுக்கு முகம் வாடும் உரிமையைக் கொடுக்க வேண்டியது வீடும் பள்ளியும்தான். உங்கள் மகன் ஒருநாள் சிரிக்காமல் வீடு வந்தால், ஏன் என்று கேட்பதோடு நில்லுங்கள் அம்மா, சிரிக்கச் சொல்லாதீர்கள்.

அந்தப் பிள்ளைக்கு இப்போது 19 வயது. கடந்த சித்திரையில் முதன்முறையாகச் சம்பளத்துக்குப் பபூனாக ஒப்பந்தமாகி, சாயல்குடிப் பக்கம் ஒரு கடலோர ஊரில் மேடையேறினான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையில் நிற்கும் என்பதால், அவன் அப்பாவும் வந்து மணலில் முன்வரிசையில் அமர்ந்திருந்தார். ஆர்மோனியம் என்னுடையது. கூட்டம் பாய் விரித்துக்கொண்டும் பேசிக்கொண்டும் இருந்தது. முதல் சிரிப்பு எழ ஏழெட்டு நிமிடங்கள் ஆயின. அதுவரை அவன் அவசரப்படவே இல்லை; என் பக்கம் திரும்பி, தேநீர் கேட்கும் தொனியில் பேசிக்கொண்டிருந்தான், அதே மலர்ந்த முகத்துடன்.