புதிய நாடுகளைச் சேர்த்தால் கிரிக்கெட்டின் தரம் குறையுமா?

சின்ன நாடுகளைச் சேர்த்தால் உலகக் கோப்பை சப்பென்று ஆகிவிடாதா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆகாது.

எங்கள் காரைக்குடிப் பக்கம் கண்மாய் வற்றினால் டென்னிஸ் பந்து டோர்னமென்ட் தொடங்கிவிடும். முதல் சுற்றிலேயே தோற்ற அணிகள் வருடாவருடம் பெரிய அணிகளோடு மோதித்தான் ஆட்டம் பழகின. ஆப்கானிஸ்தான் கதையும் அதுதான். 2017-இல் அயர்லாந்தோடு சேர்ந்து டெஸ்ட் அந்தஸ்து, அதாவது ஐந்து நாள் ஆட்டம் ஆடும் தகுதி, பெற்றது. 2024 டி20 உலகக் கோப்பையில் ஆஸ்திரேலியாவை வீழ்த்தி அரையிறுதிக்கே போனது. அந்தத் தொடரில் 20 அணிகள். ஆட்டம் சமனாகி, அமெரிக்கா பாகிஸ்தானை சூப்பர் ஓவரில் வென்றதும் அதில்தான்.

ஒருநாள் கோப்பையில்தான் எனக்கு வருத்தம். 2007-இல் 16 அணிகள் ஆடின. 2019-இல் அதை 10 ஆகச் சுருக்கிவிட்டார்கள். 2027-இல் 14 ஆகிறது, நல்லது.

சரி, கோப்பையில் இடம் கொடுத்தால் போதுமா? போதாது. இடைப்பட்ட வருடங்களில் நேபாளம், நமீபியா போன்ற அணிகளோடு பெரிய அணிகள் தொடர் ஆடுவதே அபூர்வம். சர்வதேச கிரிக்கெட் கவுன்சில் (ஐசிசி) பகிர்ந்து தரும் பணத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இந்தியாவுக்கே வருகிறது. டெஸ்ட் அந்தஸ்து இல்லாத 90-க்கும் மேற்பட்ட இணை உறுப்பு நாடுகள் சிறு பங்கைப் பிரித்துக்கொள்கின்றன. நாம் இரண்டாம் நிலை அணியையாவது காத்மாண்டுவுக்கு அனுப்பலாம். அங்கே பக்கத்திலுள்ள கீர்த்திபூர் மைதானம் நிரம்பி வழியும்.