அழாத பிள்ளைக்கும் கவலை உண்டு

ஓட்டிசம் பற்றி வாசகர்கள் வழக்கமாகக் கேட்பது பேச்சுப் பயிற்சியையும் பாடசாலை அனுமதியையும்தான். இம்முறை வந்த கடிதங்களில் பல மனதைப் பற்றியவை. இதை யாராவது கேட்க மாட்டார்களா என்று நெடுநாளாகக் காத்திருந்தேன். ஆட்களை அடையாளம் காண முடியாதபடி விவரங்களைச் சற்று மாற்றியிருக்கிறேன்.

மகனுக்கு 16 வயது. சிறுவயதிலேயே ஓட்டிசம் என்று சொல்லிவிட்டார்கள். நன்றாகக் கதைப்பான். யாழ்தேவி என்றால் உயிர். மாலையில் ரயில் கடவையில் நின்று, ரயில் எத்தனை மணிக்குப் போனது, எத்தனை நிமிடம் தாமதம் என்று கொப்பியில் எழுதுவான். சில மாதங்களாகக் கொப்பியைத் தொடுவதில்லை. இரவில் விழித்திருக்கிறான், பகலில் படுத்திருக்கிறான். புட்டைத் தவிர வேறெதுவும் உண்பதில்லை. கேட்டால் "ஒன்றுமில்லை" என்கிறான். அழவும் இல்லை. சாதாரண தரப் பரீட்சைக்குப் பயந்து சோம்பல்படுகிறான் என்கிறார் அவனுடைய அப்பா. ரயில் பைத்தியம் விட்டது நல்லதுதானே என்கிறார்கள் உறவினர்கள். — தாய், கொக்குவில்

இரண்டுமே சரியில்லை, அம்மா. கடிதத்தில் என்னை உறுத்தியது அந்தக் கொப்பிதான். மனம் துயரத்தில் மூழ்குவது, விருப்பமானவற்றில் நாட்டம் அற்றுப்போவது ஆகிய இரண்டும் மனச்சோர்வின் தலையாய அறிகுறிகள். இவற்றில் ஒன்றாவது இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்து, நித்திரை, பசி, உற்சாகம் ஆகியவையும் கெட்டிருந்தால் மருத்துவர் பார்க்க வேண்டும். ஓட்டிசம் உள்ளவரின் துயரம் முகத்தில் தெரியாமலே போகலாம். ஆனால் நாட்டம் போய்விட்டதை மறைக்க முடியாது. எல்லாரும் "பைத்தியம்" என்று சொன்ன அந்த ரயில்தான் உங்கள் மகனுக்கு நிம்மதியாக இருந்தது. அது போனதை நல்ல செய்தியாக எடுக்க வேண்டாம்.

"ஒன்றுமில்லை" என்று அவன் சொல்வது பொய்யும் அல்ல, பிடிவாதமும் அல்ல. ஓட்டிசம் உள்ளவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேருக்குத் தம் உணர்ச்சி இன்னதென்று இனங்கண்டு சொல்வது கடினம். மருத்துவத்தில் இதை அலெக்சிதைமியா என்பார்கள். வயிறு பிசைவது தெரியும். அது பயத்தால் என்பது தெரியாது. ஆகவே "மனம் எப்படி இருக்கிறது?" என்று கேட்காதீர்கள். "நேற்று எத்தனை மணிக்கு நித்திரை வந்தது?", "கடவைக்குப் போக நினைத்தும் எழும்ப முடியவில்லையா, அல்லது நினைக்கவே இல்லையா?" என்று கேளுங்கள். நேரில் கேட்டுப் பதில் வராவிட்டால் தாளில் எழுதிக் கொடுங்கள். பாடசாலையிலும் ரியூட்டரியிலும் யாரும் கேலி செய்கிறார்களா என்பதையும் அப்படியே விசாரியுங்கள். பகிடியையும் வதையையும் பிரித்தறியத் தெரியாமல் மாதக்கணக்கில் பொறுத்துக்கொண்டிருந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.

யாழ் போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலும் உளநலப் பிரிவுகள் இயங்குகின்றன. சிகிச்சை இலவசம். போகும்போது அந்தக் கொப்பியையும் எடுத்துச் செல்லுங்கள். பதிவுகள் எந்தத் திகதியிலிருந்து சுருங்கின, எப்போது ஒருநாள் விட்டு ஒருநாளாகின, எப்போது நின்றன என்பதைப் பார்த்தால் மாற்றம் தொடங்கிய வாரமே தெரிந்துவிடும். அவனால் வாயால் சொல்ல முடியாததைக் கொப்பி சொல்லும்.

இன்னொன்று. நடந்துகொண்டிருக்கும்போதே வாசலில் உறைந்து நிற்பது, கோப்பையை எடுக்க நீட்டிய கை பாதியில் நின்றுவிடுவது, சாப்பாட்டையும் தண்ணீரையும் மறுப்பது போன்றவை தென்பட்டால் கிளினிக் நாளுக்காகக் காத்திருக்காதீர்கள். அது உடலின் இயக்கம் உறைந்துபோகும் கற்றற்றோனியா என்ற நிலையாக இருக்கலாம். அன்றைக்கே கொண்டு போங்கள்.

தம்பிக்கு 22 வயது. "நான் இல்லாவிட்டால் வீட்டுச் செலவு குறையும்" என்று, கணக்குச் சொல்வது போலச் சொன்னான். முகத்தில் கவலையே இல்லை. சும்மா சொல்கிறானா? — அக்கா, சுன்னாகம்

சும்மா சொன்னதாக எடுக்கவே கூடாது. இந்தக் கடிதத்துக்கு உடனேயே தனியாகவும் பதில் அனுப்பிவிட்டேன். மற்றவர்களுக்கும் தெரிய வேண்டும் என்பதால் இங்கும் எழுதுகிறேன். குரலிலும் முகத்திலும் துயரம் தெரியாதது, ஆபத்து இல்லை என்பதற்குச் சான்று ஆகாது. ஓட்டிசம் உள்ளவர்கள் தற்கொலையால் இறக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம் என்பதைச் சுவீடனில் நடந்த பெரிய ஆய்வொன்று 2016இல் காட்டியது. நன்றாகப் பேசும், படித்த பிள்ளைகளுக்கும் இது பொருந்தும்.

"சாக வேண்டும் என்று யோசிக்கிறாயா?" என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைப்பதில்லை. சுற்றி வளைத்துக் கேட்டால்தான் அவருக்கு விளங்காது. தோட்டத்து மருந்துகளையும் வீட்டிலுள்ள மாத்திரைகளையும் பூட்டி, திறப்பை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். கொடிய பூச்சிகொல்லிகளைத் தடை செய்த பிறகுதான் இலங்கையில் தற்கொலைகள் பெருமளவு குறைந்தன என்பதை மறந்துவிடாதீர்கள். தனியே விடாதீர்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கு எந்நேரமும் அழைக்கலாம். உடனடி ஆபத்து என்றால் 1990 அம்புலன்ஸ்.

எனக்கு 27 வயது. கடந்த ஆண்டுதான் ஓட்டிசம் என்று உறுதியானது. வேலையிடத்தில் எல்லாரோடும் சிரித்துப் பேசுகிறேன். வீட்டுக்கு வந்ததும் விளக்கைக்கூடப் போடாமல் தரையில் கிடக்கிறேன். அம்மா, "வெளியில் சிரிப்பாய், எங்களுக்கு மட்டும் முகத்தை நீட்டுவாய்" என்கிறா. நான் நடிக்கிறேனா? — வாசகி, நல்லூர்

நடிக்கத்தான் செய்கிறீர்கள், தங்கச்சி. ஆனால் ஏமாற்றுவதற்காக அல்ல, தப்பிப் பிழைப்பதற்காக. கண்ணைப் பார்த்துப் பேசுவது, எப்போது சிரிப்பது, எவ்வளவு நேரம் சிரிப்பது என்று ஒவ்வொன்றையும் யோசித்துச் செய்கிறீர்கள். மற்றவர்களுக்குத் தானாக வருவது உங்களுக்கு நாள் முழுவதும் வேலை. பெண்பிள்ளைகள் இதில் அதிகம் தேர்ந்துவிடுகிறார்கள். நம் ஊரில் அடக்கமான பிள்ளை என்று பாராட்டும் கிடைக்கிறது. இந்த மறைப்புக்கும் மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் தொடர்பு இருப்பதை ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டுகின்றன.

உங்களுடையது ஓட்டிசக் களைப்பா (இப்படி ஓயாமல் சமாளிப்பதால் வரும் ஆழ்ந்த சோர்வு), மனச்சோர்வா என்பதைக் கடிதத்தை வைத்துச் சொல்ல முடியாது. இரண்டும் சேர்ந்தும் வரும். ஒன்றைக் கவனியுங்கள். சத்தமும் ஆட்களும் இல்லாத ஒரு நீண்ட விடுமுறையில் பழைய விருப்பங்கள் திரும்பி வருகின்றனவா? வந்தால் களைப்பின் பங்கு பெரிது. ஓய்விலும் எதிலும் மனம் ஒட்டவில்லை, தன்னையே வெறுக்கும் எண்ணம் வருகிறது என்றால் மருத்துவரிடம் போங்கள். இரண்டில் எதுவானாலும் வீடு திரும்பியதும் ஒரு மணிநேரம் யாரும் பேச்சுக் கொடுக்காமல் இருக்கட்டும். அம்மாவிடம் இந்தப் பதிலைக் காட்டுங்கள். முகமூடியைக் கழற்றி வைக்குமளவுக்கு நம்பிக்கையான ஒரே இடம் அவருடைய வீடுதான் என்பதை அவர் அறிய வேண்டும்.

9 வயது மகன் பேசுவதில்லை. சில நாட்களாகத் தலையைச் சுவரில் அடிக்கிறான். நாவூறு பார்த்து, நூலும் கட்டியாகிவிட்டது. — தகப்பன், சாவகச்சேரி

நூல் கையில் இருக்கட்டும். முதலில் பல்லையும் காதையும் வயிற்றையும் பார்க்கச் சொல்லுங்கள். பேசாத பிள்ளை திடீரென மாறினால் வலியைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். சொத்தைப் பல், காதுத் தொற்று, நாட்பட்ட மலச்சிக்கல் மூன்றும் அடிக்கடி தவறவிடப்படுபவை. அவை இல்லை என்றான பிறகு, வீட்டிலோ பாடசாலையிலோ என்ன மாறியது என்று தேடுங்கள்.

அப்பப்பாவின் செத்தவீட்டில் எல்லாரும் அழ, 11 வயதுப் பேரன் சிரித்தான். பிறகு, "அப்பப்பாவின் சைக்கிளை இனி யார் துடைப்பார்கள்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான். சபையில் வெட்கமாகப் போய்விட்டது. இவனுக்குப் பாசமே இல்லையா? — அப்பாச்சி, வட்டுக்கோட்டை

அம்மா, அந்தச் சைக்கிள் கேள்விதான் அவனுடைய அழுகை. அப்பப்பாவை அவன் அறிந்தது அந்தச் சைக்கிளோடுதான். பறையும் ஒப்பாரியும் கற்பூரப் புகையும் ஒன்றாகச் சூழும்போது, தாங்க முடியாமல் சிரிப்பு வருவது இப்பிள்ளைகளுக்கு நடப்பதுதான். ஓட்டிசமுள்ள பிரித்தானியச் சமூகவியலாளர் டேமியன் மில்டன் 2012இல் எழுதியதை நான் முழுதாக ஏற்கிறேன்: புரியாமை ஒருபக்கத்தது அல்ல. அவனுக்கு நம் அழுகை புரியாததைப் போலவே நமக்கும் அவனுடைய துக்கம் புரிவதில்லை.

"சாமியிடம் போய்விட்டார்", "நித்திரை கொள்கிறார்" என்று சொல்லாதீர்கள்; எப்போது வருவார், எப்போது எழும்புவார் என்று காத்திருப்பான். இறந்துவிட்டார், இனி வரமாட்டார் என்று தெளிவாகச் சொல்லுங்கள். அந்தியேட்டிக்கு யார் வருவார்கள், என்னென்ன நடக்கும் என்று முன்னரே சொல்லி, ஒதுங்கியிருக்க ஓர் அறையும் கொடுங்கள். துக்கம் சில மாதங்கள் கழித்து, நித்திரைக் குழப்பமாகவோ கோபமாகவோ வெளிவரலாம். அப்போது குழப்படி என்று அடித்துவிட வேண்டாம். சைக்கிளைத் துடைக்கும் வேலையை இன்றே அவனிடம் கொடுங்கள்.

மனச்சோர்வு மாத்திரை கொடுத்தால் ஓட்டிசம் மாறுமா? பழகிவிடுமா? — பருத்தித்துறை வாசகர்

மாறாது. ஓட்டிசத்துக்கு மருந்து இல்லை. புளுவொக்செட்டின் போன்றவை மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் தரப்படுபவை. இவை போதைப்பொருள் போல அடிமையாக்குவதில்லை. ஆனால் சடுதியாக நிறுத்தினால் தலைசுற்றும், எரிச்சல் வரும். ஓட்டிசம் உள்ளவர்களில் சிலருக்குச் சிறிய அளவிலேயே அமைதியின்மையும் நித்திரையின்மையும் ஏற்படும் என்பதால், குறைந்த அளவில் தொடங்கி மெல்லக் கூட்ட வேண்டும். முதல் வாரங்களில் நித்திரையையும் நடத்தையையும் நாள்தோறும் எழுதி வைத்து, அடுத்த கிளினிக்கில் காட்டுங்கள். பலன் தெரிய நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். அதற்கு முன் ஒத்துக்கொள்ளவில்லை என்று தோன்றினால், நீங்களாக நிறுத்தாமல் மருத்துவரிடம் கேளுங்கள்.